ஏசலுக்குச் சர்க்கரை

நம் வயதில் பந்தியில் இலைமேல் கையை வைத்து இனிப்பு வேண்டாம் என்று மறைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. "சுகருங்களா?" என்று அவர்களே கேட்டு, அவர்களே தலையாட்டிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்கள். போன தை மாதம் என் அக்காவின் காரியத்திலும் அப்படித்தான் நடந்தது. பாயச வாளியோடு வந்த பையன் கேட்டான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இனிப்பு வாயில் பட்டால் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்ல அக்கா போகட்டும் என்று காத்திருந்தேனா என்று கேட்டால், ஆமாம், காத்திருந்தேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குத் தெற்கே, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. சின்ன ஊர். ஆனால் சிவன் கோயில் பெரியது. பங்குனி உத்திரத்தன்று அங்கே சாமிக்கும் அம்மனுக்கும் கல்யாணம். கீழத் தெருக்காரர்கள் மாப்பிள்ளை வீடு, மேலத் தெருக்காரர்கள் பெண் வீடு. நாங்கள் மேலத் தெரு. அதனால் அந்த ஒரு நாளைக்கு அம்மன் எங்கள் வீட்டுப் பெண்.

மாலை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு தெருப் பெண்களும் மண்டபத்தில் எதிரெதிராக உட்கார்ந்து ஏசல் பாடுவார்கள். உங்கள் ஊர்க் கல்யாண வீடுகளிலும் இந்தப் பாட்டு இருந்திருக்கும். சம்பந்திகளை வேடிக்கையாகத் திட்டுவதுதான். எங்கள் ஊரில் அதைச் சாமிக்கே பாடினார்கள். நாங்கள் மாப்பிள்ளையை ஏசுவோம்: வீடில்லாதவன், சுடுகாட்டில் ஆடுகிறவன், பிச்சை எடுக்கிறவன் என்று. அவர்கள் பெண்ணை ஏசுவார்கள்: கருத்தவள், கல்லுக்குப் பிறந்தவள் என்று. எந்தப் பாட்டுக்குச் சிரிப்பு அதிகமோ அந்தத் தெரு ஜெயித்தது.

இதில் ஒரு விதி உண்டு. என்ன ஏசினாலும் கோபப்படக் கூடாது. அதோடு, ஏசப்பட்டவர்கள் எழுந்து வந்து, ஏசினவர் வாயில் ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை போட வேண்டும், சிரித்துக்கொண்டே. முகம் சுளித்தால் அந்த வருஷம் அம்மனுக்கு ஆகாது என்பார்கள். அம்மன் எழுந்து வர முடியாது அல்லவா? அதனால் அம்மனின் சீர்த்தட்டை ஏந்தி நிற்கும் பெண்தான் அம்மனுக்குப் பதிலாகச் சர்க்கரை போடுவாள். கல்யாணமாகாத, வயசுக்கு வந்த பெண்ணாக ஒவ்வொரு வருஷமும் ஒருத்தியைத் தட்டுத் தூக்க நிறுத்துவார்கள்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் அந்தத் தட்டு என் அக்காவுக்கு வந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பதினாறு வயதில் அவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டு ஒரு மாதத்துக்கு மேல் படுத்திருந்தாள். உயிர் நின்றது, முடி நிற்கவில்லை. தலையணை முழுக்க முடியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வலது காதின் பின்னாலிருந்து பொடனிவரைக்கும் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாகப் போய்விட்டது. மிச்சம் இருந்தது தோளைத் தொடாத எலிவால். அம்மா அதில் ஒரு முடியை எடுத்து வெள்ளை நூலில் கட்டி, சேலம் பஸ் ஏறினாள். கடைவீதியில் வளையலும் சாந்துப் பொட்டும் விற்ற ஒரு ராவுத்தர் கடையில் அந்த முடியைக் காட்டி, நிறம் பார்த்து ஒரு சவுரி வாங்கி வந்தாள். இரண்டு முழ நீளம் இருந்தது. நாங்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் படம் போட்ட நீல நிற பிஸ்கட் டப்பாவில், தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு மரிக்கொழுந்துக் காம்போடு அது படுத்திருக்கும். மூடியைத் திறந்தால் வரும் வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

தினமும் காலையில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் அம்மா அதை அக்கா தலையில் வைத்துப் பின்னுவாள். கண்ணாடி பிடிப்பது என் வேலை. ஒரு கண்ணாடி அக்கா கையில், இன்னொன்று பின்னால் என் கையில். 

"ஆட்டாத நில்லுடி. கண்ணாடி ஆடுனா இணைப்பு எங்கிருக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்பாள் அம்மா.

பின்னி முடித்ததும் அக்கா என்னைக் கேட்பாள்.

"தெரியுதா?"

"தெரியல."

"நல்லாப் பார்த்துச் சொல்லு கண்ணு. நீ பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

கனகாம்பரத்தை அடர்த்தியாகக் கட்டி இணைப்பின்மேல் சுற்றுவார்கள். எங்கள் வேலியில் பூத்த கனகாம்பரம் அத்தனையும் அதற்கே போனது. எனக்கு ஒரு இணுக்குக் கிடைக்காது. "உனக்குத்தான் சொந்தமா முடி இருக்குதல்ல, பூ எதுக்கு?" என்பாள் அம்மா. இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது முழுசாக இருக்காது.

அக்காவுக்குத் தட்டு வந்ததற்கு முந்தின வருஷம் ராசிபுரம் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அக்காவை ஆசையாகக் கட்டி அணைத்துத் தலையைத் தடவினாள். தடவின கை நின்றுவிட்டது. வெளியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவர்கள் நல்லவர்கள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவதாக எருமப்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. அதில் அக்காவுக்கு ஆசை இருந்தது. அந்த மாப்பிள்ளை ஒருமுறை எங்கள் ஊருக்கு எருது வாங்க வந்தபோது எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டிருக்கிறார். சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாராம். அந்த வார்த்தையை அக்கா பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

"'உங்கூருத் தண்ணி இனிக்குதுங்க'ன்னாரு. நம்ம கெணத்துத் தண்ணி ஒரே உப்புடி. அதைப் போயி இனிக்குதுன்னாரு பாரு."

"அவருக்கு நாக்கு செத்துப்போச்சாட்ட இருக்குது" என்பேன் நான். அக்கா என் தொடையைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பாள்.

அந்த வீட்டார் முறையாகப் பெண் பார்க்க வராமல், உத்திரத் திருவிழாவுக்கு விருந்தாளிகளாக வருவதாக இருந்தார்கள். "நோம்பிக்கு ஒறம்பரையா வாரோம். கோயில்லயே புள்ளையப் பார்த்துக்கறோம். புடிச்சுதுன்னா அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் அப்பா கோயில் பெரியவர்களிடம் பேசி அக்காவுக்குத் தட்டை வாங்கினார். தட்டோடு தள்ளி நிற்பாள், யாரும் தொட்டுப் பார்க்க முடியாது, பட்டும் பூவுமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. தாலி ஏறிய பிறகு தெரிந்தால் தெரியட்டும். அம்மா எனக்கும் ஒரு வேலை வைத்தாள்.

"நீ எங்கியும் போவக் கூடாது. உங்கக்கா பொறத்தாலயே நில்லு. பூ நழுவுனா மேல ஏத்தி உடோணும். தெரிஞ்சுதா?"

"நானும் ஏசல் பாடறேன்."

"பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம். நின்னாப் போதும்."

என் குரல் நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். இன்று என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பங்குனியில் ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு, சாமி கல்யாணப் படம் ஒன்று ஓட்டினார்கள். மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறைதானே நாம். திரையில் தாலி கட்டுகிற இடம் வந்ததும் பெண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். சூடம் கொளுத்தினார்கள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மஞ்சள் அரிசியைத் திரைமேல் போட்டார்கள். அக்காவும் ஒரு பிடி போட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டதால் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலையில் விழுந்தது.

படத்தில் வந்த அம்மனுக்கு முழங்கால்வரை கூந்தல். இடைவேளையில் படம் ஓட்டுகிறவர் வெளியே வந்து பீடி பற்ற வைத்தபோது நான் கேட்டேன்.

"அண்ணா, அந்தம்மனுக்கு நெசமாலுமே அத்தனை முடியாங்கண்ணா?"

"அட போ பாப்பா. எல்லாம் சவுரி. படம் புடிக்கறப்ப ஒட்டுவாங்க, முடிஞ்சாக் கழட்டிப் பொட்டியில போட்டுப் பூட்டிருவாங்க."

பக்கத்தில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"சாமிக்கே சவுரிதாண்டி. நம்ம கோயில் அம்மனுக்கும் குருக்கள் சடை வெக்கறாரல்ல, அதும் பொட்டியிலதான இருக்குது? அப்பறம் எனக்கென்ன?"

அவளுக்கு ஆறுதலாக வந்த அந்த வார்த்தையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

கீழத் தெருவில் என் அத்தை வீடு. அப்பாவின் கூடப் பிறந்தவள். அவள் மகனுக்கு அக்காவைக் கேட்டு, அம்மா "குடுக்கறதில்லைங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, இரண்டு வருஷமாகப் பெரியவர்களுக்குள் பேச்சில்லை. சின்னப் பிள்ளைகள் போகலாம், வரலாம். அத்தைதான் மாப்பிள்ளை வீட்டு ஏசலுக்குத் தலைவி. உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் வீட்டில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். வெல்லமும் எண்ணெயும் காய்ந்த வாசனைக்கு நான் போய் நின்றேன்.

"மூணு வருசமாத் தோத்துட்டே வாரோம்" என்றாள் அத்தை, என்னைப் பார்த்து. "உன்ற அம்மா மாப்பிள்ளை சடையப் புடிச்சுட்டுப் பாடுவா பாரு, எங்காளுகளுக்கு மறுபேச்சு வாரதில்லை. பொண்ணு சடைக்கு ஒரு ஏச்சு ஓணும். அம்மன் சடைய என்னன்னு ஏசறது? ஒண்ணுந் தோண மாட்டீங்குது."

"சவுரின்னு ஏசலாமுங்கத்தை" என்றேன் நான்.

அங்கே இருந்த பெண்கள் சிரித்தார்கள். "அட, புள்ளைக்குப் புத்தியப் பாரு!" என்றாள் ஒருத்தி. அது எனக்குக் கச்சாயத்தைவிட ருசியாக இருந்தது.

"டப்பாவுல படுத்திருக்கும். காத்தால எந்திரிக்கும்" என்று சேர்த்துச் சொன்னேன்.

அத்தை சட்டுவத்தை எண்ணெயிலிருந்து எடுத்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்தது.

"எந்த டப்பாவுல கண்ணு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பில்லை. என்ன கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

"நீலக் கலரு டப்பாவுல" என்றேன்.

அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு கச்சாயத்தை ஊதி ஆற்றி என் கையில் வைத்தாள். "இந்தப் பாட்ட நீயே பாடு சாமி. உன்ற கொரலுக்கு மண்டபமே கேக்கும்" என்றாள். வயசுக்கு வராத பிள்ளைகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது வழக்கம். யாரும் தப்பு சொல்ல முடியாது.

உனக்கு அப்போது தெரிந்துதான் செய்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ரகசியம் என்றால் என்னவென்று பத்து வயதில் நன்றாகவே தெரியும். அதனால்தான் அது அத்தனை இனிப்பாக இருந்தது.

மூன்று வரி அத்தையும் நானும் சேர்ந்து கட்டினோம். நாலாவது வரியை நான் மட்டும் கட்டினேன். அதை அத்தையிடம்கூடப் பாடிக் காட்டவில்லை.

உத்திரத்தன்று அக்கா பெரியம்மாவிடம் இரவல் வாங்கிய அரக்குப் பட்டில் இருந்தாள். சவுரியின் நுனியில் குஞ்சலம். தலை நிறையக் கனகாம்பரம். மண்டபத்தில் ஊதுபத்தி, வாழை இலை, வேர்வை, நசுங்கிய பூ எல்லாம் கலந்த வாசனை. எருமப்பட்டிக்காரர்கள் தூண் ஓரம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வெள்ளைக்கல் மூக்குத்தி போட்ட பெரிய உடம்புக்காரி. அந்த மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் நின்று, அக்காவைப் பார்ப்பதும் தூணைப் பார்ப்பதுமாக இருந்தார். அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு நின்றாள். ஆனால் காது சிவந்திருந்தது. அவளைப் பார்த்து அந்தத் தாய் பக்கத்தில் இருந்தவளிடம், "கட்டுமுட்டா இருக்குது புள்ளை. தண்ணிச் சொம்ப நீட்டுன கை இதுதானாக்கும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஏனென்றால் அப்போது நான் அக்காவின் பின்னால், என் இடத்தில்தான் நின்றிருந்தேன்.

அம்மா ஆரம்பித்தாள்.

"எண்ணெய் கண்டு எத்தனை நாள் உங்க மாப்பிள்ளை சடை?
ஆத்துத் தண்ணி ஒழுகுது பார், அள்ளி முடிஞ்ச சடை!
பாம்பு வந்து குடியிருக்கும் பாழடைஞ்ச சடை!
சீப்பு விக்க வந்தவனும் சிரிச்சு ஓடும் சடை!"

மேலத் தெரு கைதட்டிச் சிரித்தது. எருமப்பட்டித் தாய்க்கும் வயிறு குலுங்கியது. மாப்பிள்ளை வீட்டார் சார்பில் அத்தை எழுந்து போய் அம்மா வாயில் சர்க்கரை போட்டாள். இரண்டு வருஷமாகப் பேசாத இரண்டு பேர். இரண்டு பேரும் சிரித்தார்கள். உட்காரப் போகும்போது அத்தை என் பக்கம் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் அக்காவின் பின்னாலிருந்து நழுவி, பெண்கள் முழங்கால்களைத் தாண்டி, எதிர்ப் பக்கம் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து இழுக்க முடியாது. நான் பாடினேன்.

"எங்க மாப்பிள்ளை சடை எல்லாம் தலையில் மொளைச்ச சடை!
உங்க பொண்ணு சடை எல்லாம் டப்பாவில் படுத்த சடை!
காத்தாலக்கி எந்திரிக்கும், பொழுது போனாத் தூங்கும் சடை!"

சிரிப்பு வெடித்தது. எல்லாரும் அம்மனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். குருக்களே சிரித்தார், அம்மன் சடையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவர் அவர்தானே. அக்காவும் சிரிக்க முயன்றாள். அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் அது சாமி பாட்டாகவே போயிருக்கும். நான் அக்காவை நேராகப் பார்த்து நாலாவது வரியைப் பாடினேன்.

"கண்ணாடியப் புடிச்சவளக் கேட்டாச் சொல்லும் சடை!"

மண்டபத்தில் யாருக்கும் அந்த வரி புரியவில்லை. ஒருத்திக்குத்தான் புரிந்தது. அவள் திரும்பி, பின்னால் நான் நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவள் வலது கை தட்டை விட்டுவிட்டுத் தானாகப் பொடனிக்குப் போனது. தட்டு சாய்ந்தது. தேங்காய் உருண்டது. பூச்சரம் நழுவி, அதோடு சவுரியும் ஒரு விரல்கடை இறங்கித் தொங்கியது.

முதலில் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு ஓர் ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. எருமப்பட்டித் தாய் முன்னால் சாய்ந்து பார்த்தாள். பின்னால் சாய்ந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் யாரோ ஒருத்தி, "அட, பாட்டு நெசந்தானாட்ட இருக்குது!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. இந்தச் சிரிப்பு வேறு. அது அம்மனைப் பார்த்து இல்லை.

"சர்க்கரையப் போடும்மா. முகூர்த்தம் போகுது" என்றார் குருக்கள்.

அக்கா ஒரு கையால் பொடனியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சர்க்கரையை எடுத்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். விதிப்படி சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தைத்தான் முதலில் சொன்னேன். பல் தெரிந்தது, கன்னம் ஏறியிருந்தது, கண் மட்டும் காய்ச்சலில் படுத்திருந்தபோது இருந்த மாதிரி இருந்தது. என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். கொஞ்சம் என் மோவாயில் சிந்தியது. அதையும் துடைத்துவிட்டாள்.

"நல்லாப் பாடுன, கண்ணு" என்றாள்.

அந்த வருஷம் கீழத் தெரு ஜெயித்தது. எனக்கு ஒரு தேங்காய் கொடுத்தார்கள்.

எருமப்பட்டிக்காரர்கள் மாடு ஈனுகிற நேரம் என்று சொல்லி, சாப்பிடாமல் வண்டி பூட்டச் சொன்னார்கள். அந்த மாப்பிள்ளை ஏதோ பேச வாயெடுத்தார். அவருடைய தாய், "ஏறுடா வண்டியில" என்றாள். ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். அகப்பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அக்காவின் வலது கையில் அடித்தாள்.

"பாட்டு அம்மனைத்தானடி பாடுச்சு! உன்ற கை ஏண்டி பொடனிக்குப் போச்சு? கை போவாத இருந்தா ஆரு கண்டாங்க? சொல்லு, ஏண்டி போச்சு?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. விரல் கணுக்கள் வீங்கின. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி "உடு, உடு" என்றார், எழுந்து வரவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. அன்றைக்கு ஏசல் பாடி, சாமி சர்க்கரை தின்ற வாயை அடிக்கக் கூடாது. நான் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். நாலாவது வரியைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. "தெரியாமப் போயிருச்சும்மா, தெரியாமப் போயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா சாகும்வரை அத்தைதான் எல்லாம் செய்தாள் என்று நம்பினாள். அக்காவின் கையையும் மன்னிக்கவில்லை. அந்தக் கையால் உப்புப் போட்டால், "பார்த்துப் போடு, நீ பாட்டுக்குக் கையக் கொண்டு போயி எங்கியாச்சும் வெப்ப" என்பாள். அத்தையும் சும்மா இருக்கவில்லை. எட்டாம் நாள் வாசலில் வந்து நின்று, "இப்பக் குடுப்பீங்கல்ல?" என்று கேட்டாள். அம்மா சாணித் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். அந்த மகனுக்கு வைகாசியில் வேறு பெண் வந்துவிட்டது. சவுரி சாணிக்குழிக்குப் போனது. நீல டப்பாவில் அம்மா மிளகாய் வற்றல் போட்டு வைத்தாள். மூடியில் இருந்த வெள்ளைக்காரச் சிறுமி அப்புறமும் பல வருஷம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொன்று உண்டு. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் அக்காவுக்கு முடி முழுசாக வளர்ந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே, சவுரியைவிட அடர்த்தியாக. யாரும் நம்பவில்லை. கிணற்றடியிலும் ரேஷன் வரிசையிலும் பின்னால் நிற்கும் பெண்கள் அவள் சடையை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். "வலிக்குதா?" என்று கேட்பார்கள். அவள் "வலிக்குதுங்க" என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் என் பாட்டைப் பாடிக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். யார் கட்டிய பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. வந்த வரன்கள் எல்லாம் ஊர் எல்லையிலேயே யாரையோ கேட்டுவிட்டுத் திரும்பின. நான் அந்த உத்திரத்துக்கு அப்புறம் பாடுவதை விட்டுவிட்டேன். எல்லாரும் பெரிய பெண்ணாகிக் கூச்சம் வந்துவிட்டது என்றார்கள்.

எனக்குப் பதினெட்டில் கல்யாணம். மூத்தவள் இருக்க இளையவளுக்கு என்று நாலு பேர் பேசினார்கள். அக்காவே, "எனக்காக இவள நிறுத்தாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். முகூர்த்தத்துக்குக் காலையில் என் தலையைப் பின்னியது அவள்தான். கண்ணாடி பிடிக்க யாரையும் கூப்பிடவில்லை.

தாலி ஏறியது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நலங்கு வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏசல் பாடினார்கள். என் மூக்கு, என் நடை, எங்கள் வீட்டுக் குழம்பு என்று. எங்கள் வீட்டில் பதில் பாட ஆளில்லை. அம்மா ஏசல் பாடுவதை எப்போதோ விட்டிருந்தாள். "பொண்ணோட அக்கா பாடட்டும்! ஏனுங்க, ஊமையா நீங்க?" என்று சீண்டினார்கள்.

"மாப்பிள்ளையப் பாடத் தெரியாதுங்க. பொண்ணப் பத்தின பாட்டுத்தான் ஒண்ணு தெரியும்" என்றாள் அக்கா.

"அதையே பாடுங்க!"

அக்கா தரையைப் பார்த்தபடி பாடினாள். அவளுக்கு நல்ல குரல் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்க பொண்ணு சடை எல்லாம் டப்பாவில் படுத்த சடை. மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். என் மாமியாரின் பார்வை மெல்ல என் சடைக்கு வந்தது. மூன்று வரியும் முடிந்ததும் அக்கா தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள்.

"கண்ணாடியப் புடிச்சவளக் கேட்டாச் சொல்லும் சடை!"

என் தலையில் இருந்தது அத்தனையும் என் சொந்த முடி. ஓர் இழைகூட இரவல் இல்லை. இருந்தும் என் வலது கை தானாக எழுந்து பொடனிக்குப் போனது. போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமியாரும் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் முதல் ஒரு வருஷம் என் சடையை யார் யார் இழுத்துப் பார்த்தார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. தாலி ஏறும்வரை அக்கா வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கெடுதல் செய்திருக்க வேண்டுமென்றால் காலையிலேயே செய்திருக்கலாம்.

"பொண்ணு, சர்க்கரை போடு! மொகத்தச் சுளிக்கப்படாது!" என்று கத்தினார்கள்.

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் எழுந்து போனேன். சிரித்துக்கொண்டே போனேன். சிரிக்கும்போது கன்னம் எப்படி வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா வாயைத் திறந்தாள். ஒரு சிட்டிகை போட்டேன்.

அவள் வாயை மூடவில்லை.

"பத்தலை" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு சிட்டிகை போட்டேன்.

"பத்தலை, கண்ணு."

மறுபடியும் போட்டேன். உதட்டோரம் வழிந்தது. அவள் விழுங்கவில்லை. வழிந்ததை என் கல்யாண முந்தானையால் துடைத்துவிட்டேன். அவள் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் கைதட்டினார்கள். கிண்ணம் காலியாகும்வரை நான் சிரித்துக்கொண்டே போட்டேன்.